கொட்டை எழுத்து

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சில இடங்களில் மட்டும் திருத்தப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, உங்க தொழிலைப் பத்திப் பத்து இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நான் 1982-ல் இங்கே பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் அச்சகத்தில் உட்கார்ந்தவன். அச்சகத்தின் வரவு செலவைப் பேசினால் நீங்கள் எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் ஒரே ஓர் எழுத்துருவைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அதை நீங்கள் எல்லோரும் இன்று காலையில் பார்த்துவிட்டீர்கள். கேட்டில் மாணவர்கள் கட்டியிருக்கும் 'வருக வருக' ஃபிளெக்ஸைப் பாருங்கள். உருண்டு திரண்டு, மூலையெல்லாம் மழுங்கி, கொழுகொழு என்று இருக்கிறதே, அதுதான். பெயர் 'பாலூ தம்பி'. நம் ஊரில் பாலு என்றால் பாலசுப்பிரமணியன். இது அந்த பாலு இல்லை. இந்தியில் கரடிக்கு பாலூ என்று பெயர். கிப்ளிங் 1894-ல் எழுதிய ஜங்கிள் புக்கில் வரும் கரடிக்கும் அதே பெயர்தான். மும்பையில் 'ஏக் டைப்' என்ற எழுத்துரு நிறுவனம் இந்திய மொழிகளுக்கெல்லாம் சேர்த்து வடிவமைத்த குடும்பம் இது. ஒவ்வொரு மொழிக்கும் வைத்த பெயர்களைக் கேளுங்கள். குஜராத்திக்கு பாலூ பாய், வங்காளிக்கு பாலூ தா, மலையாளத்துக்கு பாலூ சேட்டன், தெலுங்குக்கு பாலூ தம்முடு, கன்னடத்துக்கு பாலூ தம்மா, பஞ்சாபிக்கு பாலூ பாஜி. எல்லாம் அண்ணன் தம்பி முறைதான். நமக்குத் தம்பி வாய்த்தது. எனக்கு இதில் சந்தோஷம். அண்ணனாக வந்திருந்தால் கொஞ்சம் அதட்டியிருக்கும்.

'கொட்டை எழுத்து' என்று நாம் சொல்வோம் இல்லையா, "பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்" என்று? 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியின் தலைப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அச்சகத்தில் அது வெறும் பேச்சு வழக்கு இல்லை. கனமான விஷயம், நிஜமாகவே கனம். ஈய எழுத்தைப் பெரிதாக வார்த்தால் ஒரு வரியைத் தூக்கவே ஆள் வேண்டும். அதனால் சுவரொட்டிக்கு மரத்தில் செதுக்கிய எழுத்துகளை வைத்திருந்தோம். நாடகம், சர்க்கஸ், பொதுக்கூட்டம் எல்லாம் அதில்தான். என் அப்பா அந்த மர எழுத்துகளை ஈய எழுத்துக் கேஸ்களோடு வைக்க மாட்டார். தனி அலமாரி, தனிப் பூட்டு.

மேல்நாட்டிலும் கதை இப்படித்தான். முதலில் எழுத்து வார்த்தவர்கள் புத்தகத்துக்காக வார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரிக்காரர்களும் நாடகக் கொட்டகைக்காரர்களும், சுவரில் ஒட்டினால் தெருவில் போகிறவனை நிறுத்துகிற எழுத்து வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காகத் தடித்த எழுத்துகள் பிறந்தன. சந்தைக்குப் பிறந்த பிள்ளைகள் அவை. படித்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள், வியாபாரிகள் வாங்கிப் போட்டார்கள்.

அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது கூப்பர் பிளாக். சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது, 1922-ல் வெளிவந்தது. கன்னங்கரேல் என்று தடிமன், ஆனால் ஒரு கூர்மையான மூலைகூடக் கிடையாது. தூரப்பார்வை உள்ள அச்சகக்காரர்கள், கிட்டப்பார்வை உள்ள வாடிக்கையாளர்களுக்காக வாங்க வேண்டிய எழுத்து என்று அவரே வேடிக்கையாகச் சொல்லி விற்றாராம். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மற்ற எழுத்து வார்ப்பு நிறுவனங்களும் அதே சாயலில் ஆளுக்கொன்று வெளியிட்டன. 1966-ல் பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையில் அதுதான். 1995-ல் தொடங்கிய ஈஸிஜெட் விமானக் கம்பெனியின் பெயரும் அதே எழுத்தில்தான். மலிவான டிக்கெட், பந்தா கிடையாது, பயப்படாமல் உள்ளே வா என்று அந்த எழுத்தே சொல்லிவிடுகிறது.

ஏன் அப்படி? தடிமன் என்றால் அதிகாரம்தானே, போலீஸ் ஸ்டேஷன் போர்டு மாதிரி? உண்மை. தடிமனோடு மூலைகளைக் கூர்மையாக வையுங்கள், அது உத்தரவு போடும். அதே தடிமனின் மூலையை உருட்டி விடுங்கள், கைக்குழந்தையின் தொடை மாதிரி ஆகிவிடும், கிள்ளத் தோன்றும். எழுத்து ஒன்றுதான், மூலை மட்டும் மாறுகிறது. இந்த ஒரு சூட்சுமத்தில்தான் கூப்பர் பிளாக்கும் பிழைத்தது, நம்ம தம்பியும் பிழைக்கிறான்.

இனி தமிழுக்கு வருகிறேன். ஆங்கிலத்தைத் தடிமனாக்குவதைவிடத் தமிழைத் தடிமனாக்குவது கடினம். 'ண' எழுதிப் பாருங்கள். எத்தனை சுழி, எத்தனை இடைவெளி! 'ஞ', 'ஜ', 'ஷ', 'ஸ்ரீ' இவையெல்லாம் அதைவிட மோசம். கோட்டைத் தடிமனாக்க ஆக்க, உள்ளே இருக்கும் வெள்ளை சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் 'ண'வும் 'ன'வும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். 'கண்ணன்' என்று அச்சடித்து, தூரத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று புளியங்கொட்டை. எனவே வடிவமைப்பவர் வெளிக்கோட்டைத் தடிமனாக விட்டு, உள்சுழியைக் கொஞ்சம் இளைக்க வைக்க வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். ஆனால் அப்படி இளைத்தது கண்ணுக்குத் தெரியவும் கூடாது. இதுதான் வேலை.

அடுத்தது புள்ளி. புள்ளி காணாமல் போனால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். மெல்லிய எழுத்தில் சிறு புள்ளி போதும். கொட்டை எழுத்தில் அதே அளவு வைத்தால் கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெரிதாக வைத்தாலோ மேல்வரியின் 'கு'வோடும் 'மு'வோடும் இடிக்கும். பிறகு இந்த உகர, ஊகார வரிசைகள். ஆங்கிலத்தில் 'கே' பக்கத்தில் 'யூ' வைத்தால் முடிந்தது. நமக்கு கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, ரு ஒரு மாதிரி. பதினெட்டு மெய்க்கு இரண்டு வரிசை, 36 உருவங்களைத் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற பழைய வடிவங்கள் போன பிறகும் இவ்வளவு மிச்சம். (அந்த ஆணை வந்தபோது கம்பாசிட்டர்கள் பட்ட பாட்டைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். கை பழைய 'லை' இருந்த அறைக்கே போகும்.)

பாலூ தம்பியில் இதையெல்லாம் யோசித்துச் செய்திருக்கிறார்கள். 'ப', 'ட' மாதிரி நேர்க்கோடும் மூலையுமாக நிற்கும் எழுத்துகளில் மூலைகள் மழுங்கியிருப்பதால், வட்டமான எழுத்துகளோடு அவை ஒட்டிக்கொள்கின்றன. 'ண'வின் உள்ளே வெள்ளை குறைவுதான், ஆனால் இருக்கிறது. எட்டடி அகல ஃபிளெக்ஸில் அது அழகாக மூச்சு விடும். விசிட்டிங் கார்டில் எட்டுப் பாயிண்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும். அது எழுத்தின் குற்றம் அல்ல, போட்டவரின் குற்றம். முதலில் தடித்த வடிவம் ஒன்றுதான் இருந்தது. பிறகு 'பாலூ தம்பி 2' என்று, சாதாரணத்திலிருந்து மிகத் தடிமன் வரை ஐந்து கனத்தில் விட்டார்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இந்தத் தம்பி மேல் பிரியம். 1990-களில் கம்ப்யூட்டர் வந்தபோது தமிழுக்கு விதவிதமான அலங்கார எழுத்துருக்கள் வந்தன. ஆனால் அவரவர் இஷ்டத்துக்கு ஒரு குறியீட்டு முறை. ஓரிடத்தில் 'க' இருந்த எண்ணில் இன்னோரிடத்தில் 'ங' இருக்கும். இந்தக் கடையில் அடித்த ஃபைலை அந்தக் கடையில் திறந்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு தரம் வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகைக்காரர்களான நாங்கள் அழகுக்காகப் பழைய எழுத்துருக்களையே கட்டிக்கொண்டு அழுதோம், ஏனென்றால் யூனிகோடில் நல்ல கொட்டை எழுத்து கிடைக்கவில்லை. இந்தத் தம்பி யூனிகோடில் வந்தான், இலவசமாக வந்தான். திறந்த உரிமத்தில் இருக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், திருத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். திருட்டுக் காப்பி வைத்துக்கொண்டு பயந்து பயந்து தொழில் செய்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, நல்லதையே சொல்லிக்கொண்டிருந்தால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

சில வருஷம் முன்பு ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டு அட்டை. வேறு ஊரில் அச்சடித்தது. அவருடைய கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கான பத்திரிகை. "இதையே திரும்ப அடிச்சுக் குடுங்கய்யா" என்றார். எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். பெயர் சரி, தேதி சரி, இடம் சரி. "எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு?" என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரிதான்யா. ஆனா படிச்சா சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

பார்த்தேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பும், கீழே இறந்தவர் பெயரும் இந்தக் கொழுகொழு எழுத்தில் இருந்தன. காதுகுத்துப் பத்திரிகைக்குப் போட்ட அதே ஃபைலில் வார்த்தைகளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த அம்மா எழுத்துரு என்ற சொல்லைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தவர். ஆனால் எழுத்து என்ன முகபாவத்தோடு நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. மெல்லிய, நேரான எழுத்தில், ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் வைத்து அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வாங்கிக்கொண்டு போனவர் வாசலில் நின்று ஒரு தடவை படித்துவிட்டு, புடவைத் தலைப்பால் அட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த அரங்கின் இடப்பக்கச் சுவரில், மறைந்த நம் நண்பர்கள் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறீர்கள். என் வகுப்புத் தோழர்கள் ஒன்பது பேர் அதில் இருக்கிறார்கள். அந்தப் பலகையைச் செய்த மாணவர் யாரென்று தெரியாது. கேட்டில் 'வருக'வுக்கு ஓர் எழுத்து, உள்ளே இவர்களுக்கு வேறோர் எழுத்து. யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவருக்கு என் நன்றி.

மாணவர்கள் சிலர் காலையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், நாங்க போடுறப்போ ஏன் சார் அசிங்கமா வருது?" என்று கேட்டார்கள். மூன்று நான்கு விஷயம்தான், சொல்லிவிடுகிறேன். இருக்கிற எழுத்திலேயே தடிமனானதைத் தேர்ந்துவிட்டு, அதன் மேல் மறுபடி 'போல்ட்' பொத்தானை அழுத்தாதீர்கள். அதைவிடத் தடித்த வடிவம் எழுத்துருவில் கிடையாது. கம்ப்யூட்டர் தானாகவே மையைத் தடவி விடுகிறது. 'ண' அங்கேதான் சாகிறது. இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். நசுக்கினால் நிற்கும் கோடு மெலியும், படுக்கும் கோடு அப்படியே நிற்கும். பட்டினி கிடந்த கரடி மாதிரி இருக்கும். அளவைக் குறையுங்கள், இல்லையென்றால் வார்த்தையைக் குறையுங்கள். 'அன்புடன் வரவேற்று மகிழ்கிறோம்' என்பதைவிட 'வருக' போதாதா? மஞ்சள் எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டுகிறீர்கள் அல்லவா, அந்த விளிம்பை எழுத்துக்குப் பின்னால் போகும்படி வையுங்கள். முன்னால் வைத்தால் பாதி விளிம்பு எழுத்தையே தின்றுவிடும். வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள், மேலே கொக்கி, கீழே வால் உள்ள மொழி நம்முடையது. அப்புறம், போர்டு என்றால் எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். நூறடி தள்ளி பஸ்ஸில் போகிறவர் வசதியாகப் படிக்கப் பத்து அங்குலம். டேபிளில் உட்கார்ந்து திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள்.

எங்கே போடலாம்? முறுக்குப் பாக்கெட், குழந்தைகள் கதைப் புத்தக அட்டை, ஐஸ் வண்டி, அறிவியல் கண்காட்சி, விடுதி நாள், யூடியூப் படத்தின் முகப்பு, எல்லாவற்றுக்கும் போடலாம். பால்வாடிச் சுவரில் போட்டால் கொள்ளை அழகு. பட்டச் சான்றிதழில் வேண்டாம். மருத்துவமனையில் ஐ.சி.யு. கதவில் வேண்டாம். ஒரு பக்கம் முழுக்கப் பத்தி பத்தியாகவும் வேண்டாம், பாயசத்தையே முழுச் சாப்பாடாகப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

எங்கள் ஊரில் ஒரு பெயிண்டர் இருக்கிறார், எனக்கு மூத்தவர். பெயருக்குப் பின்னால் 'ஆர்ட்ஸ்' என்று போட்டுக்கொள்வார். சுவர் விளம்பரம், லாரியின் பின்பக்கம், கடை போர்டு என்று நாற்பது வருஷம் எழுதினார். சாக்பீஸில் இரண்டு கோடு இழுத்து, அளவுகோல் இல்லாமல், நிழல் கொடுத்து எழுதுவார். எழுத்து சுவரைவிட்டு வெளியே வந்து நிற்கும். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை இல்லை. ஃபிளெக்ஸ் மிஷினை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் அவரிடம் இதைக் காட்டக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. ஒரு நாள் பாலூ தம்பியில் பெரிதாக 'காக்கா கடை' என்று அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கான். சுழி தெரிஞ்சவன் கை" என்றார். அப்புறம், "ஆனா நாலு 'க'வும் ஒரே 'க'வா இருக்கே தம்பி. நான் எழுதினா முதல் 'க' கொஞ்சம் நெஞ்சை நிமித்தி நிக்கும், நடுவுல உள்ள ரெண்டும் பக்கத்துல இருக்கறவனுக்கு இடம் விட்டு ஒதுங்கும், கடைசி 'க' 'டை'யோட கொம்பைப் பாத்துத் தலையைக் குனியும். இது என்ன, அட்டென்ஷன்ல நிக்குது?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் பிறகு விசாரித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒரே எழுத்துக்கு மூன்று நான்கு மாற்று வடிவம் வைத்து, அக்கம்பக்கத்து எழுத்தைப் பார்த்துத் தானாக மாறும்படி இப்போதைய எழுத்துருக்களில் செய்ய முடியும். ஆங்கிலக் கையெழுத்து எழுத்துருக்களில் நிறையவே செய்திருக்கிறார்கள். தமிழில் கொட்டை எழுத்தில் அப்படி ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. எழுத்துரு செய்ய 'ஃபாண்ட்ஃபோர்ஜ்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பாலூ தம்பியின் உரிமமும் திருத்த இடம் கொடுக்கிறது. இந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது, தமிழ்த் துறை இருக்கிறது. அந்தப் பெயிண்டருக்கு இப்போது கை லேசாக நடுங்க ஆரம்பித்திருக்கிறது. ஆனால் காகிதத்தில் பென்சிலால் இன்னும் எழுதுவார். 'க' எத்தனை விதமாக நிற்கும் என்று கேட்டால் சாயங்காலம் வரை போட்டுக் காட்டுவார். இரண்டு பேர் நோட்டும் செல்போனும் எடுத்துக்கொண்டு வந்தால், பஸ் சார்ஜும் மத்தியானச் சாப்பாடும் என் பொறுப்பு. பி.காம். மாணவர்களும் வரலாம், நமக்குத் தனிச் சலுகை உண்டு.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு அறிவிப்பு. அப்பாவின் மர எழுத்துகளில் மிச்சமிருப்பதை ஒரு பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் மேசைமேல் இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம், மை தடவி உங்கள் பெயரைக் காகிதத்தில் அழுத்தியும் பார்க்கலாம். மையும் துணியும் வைத்திருக்கிறேன். 'ழ' மட்டும் இல்லை, ஒரு மாநாட்டுச் சுவரொட்டி அடிக்கும்போது விரிசல் விட்டுப் போய்விட்டது. அதனால் தமிழ்ச்செல்வி இருந்தால் ரெண்டாவது எழுத்தோட நிறுத்திக்கணும்மா. சாப்பிட்ட கையோடு தொட வேண்டாம்.